123456789-ஐக் கையாலேயே காரணிப்படுத்துவது எப்படி?

ஒரு பெரிய எண்ணுக்கு எத்தனை வகுத்திகள், அவற்றின் கூடுதல் எவ்வளவு என்று எதைக் கேட்டாலும் முதலில் அதன் பகாக் காரணிகள் தெரிய வேண்டும். சிரமமெல்லாம் அங்கேதான், மற்றது வெறும் பெருக்கல்.

இலக்கங்களின் கூடுதல் 45. எனவே 9-ஆல் வகுபடும், ஈவு 13717421. இதன் இலக்கக் கூடுதல் 26 என்பதால் இனி 3 வராது. 7, 11, 13 மூன்றையும் ஒரே சோதனையில் முடிக்கலாம், 1001 = 7 × 11 × 13 அல்லவா? வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று கழித்துக் கூட்டுங்கள்: 421 − 717 + 13 = −283. 283 இம்மூன்றில் எதனாலும் வகுபடாது.

17, 19, 23 என்று தொடர்ந்தால் இன்னும் சுமார் 500 பகா எண்களால் வகுக்க வேண்டிவரும். இங்கே 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் முறைக்கு மாறுவது நல்லது. எண்ணை a² − b² என்று எழுத முடிந்தால் (a − b), (a + b) இரண்டும் காரணிகள். வர்க்கமூலம் 3703.7 அளவில் வருகிறது. இதை மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும். 3703 என்று எடுத்தால் கழித்தலில் குறை எண் வந்து நிற்கும்.

3704² − 13717421 = 2195. ஐந்தில் முடியும் வர்க்கம் 25 என்றுதான் முடியும், ஆகவே இது ஆகாது. 3705² = 13727025; கழித்தால் 9604, அதாவது 98². காரணிகள் 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803.

உண்மையில் 3704-ஐப் பார்க்கவே வேண்டியதில்லை. எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்றால் a ஒற்றைப்படை, மீதி 3 என்றால் இரட்டைப்படை. வேலை பாதியாகும்.

இரண்டும் பகா எண்கள்தானா என்று பார்க்காமல் விடாதீர்கள். 3607-க்கு 59 வரை, 3803-க்கு 61 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் வகுக்காது. ஆக, 123456789 = 3² × 3607 × 3803.

அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 3 × 2 × 2 = 12. அவற்றின் கூடுதல் (1 + 3 + 9) × 3608 × 3804 = 178422816. எண்ணைவிடச் சிறியதாய், அதனோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் மொத்தம் 6 × 3606 × 3802 = 82260072. இரண்டாவதில் 3²-க்கு 9 − 3 = 6 என்று எடுக்க வேண்டும்; 3 − 1 = 2 என்று போடுவதுதான் வழக்கமான பிழை.

காரணிகள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால்தான் ஃபெர்மாவின் முறை வேகமாக ஓடும். 2³² + 1 = 4294967297-ஐ ஃபெர்மா பகா எண் என்றே நம்பினார். அவர் முறையில் போனால் a-ஐ 65537-இலிருந்து 3350529 வரை ஏற்ற வேண்டும். 1732-இல் கணிதர் ஆய்லர் இதைக் காரணிப்படுத்தினார். அவர் பின்னர் விளக்கிய வழி வேறு: இதன் பகாக் காரணி எதுவானாலும் 64k + 1 வடிவில்தான் இருக்கும். அந்த வடிவிலுள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே வகுத்துவிடுகிறது, ஈவு 6700417.