கராவன் இழுக்கப் போகிறீர்களா? எடையைக் கேளுங்கள்

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்குப் போய், உறவினரின் கராவனை, அதாவது காருக்குப் பின்னால் இழுக்கும் ட்ரெய்லர் வீட்டை, இழுத்துப் பயணம் செய்ய ஆசையா? ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் சாதாரண ஜி (கார்) சாரதி அனுமதிப்பத்திரத்தில் 4,600 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்கலாம். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோவைத் தாண்டக்கூடாது. தண்ணீர், காஸ், சாமான் எல்லாம் இந்த எடையில் சேரும். தண்ணீர் மட்டுமே லீற்றருக்கு ஒரு கிலோ!

ஆனால் அது அங்குள்ளவர்களுக்கான கணக்கு. நீங்கள் இங்கே எடுக்கும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திறந்து பாருங்கள். பி (கார்) பிரிவில் மட்டும் முத்திரை இருந்தால் 750 கிலோவுக்கு உட்பட்ட சிறிய ட்ரெய்லர்தான். அதற்கு மேல் ஈ பிரிவு வேண்டும். பெரிய கராவன் அனேகமாக அதைத் தாண்டிவிடும். ஈ இல்லையென்றால், சரி, ஸ்டியரிங்கை ஜி வைத்திருக்கும் மச்சானிடமே கொடுத்துவிடுங்கள். காப்புறுதிக்காரரிடமும் புறப்படுமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.