அழுத்தத்திலிருந்து ஆழம்: கணக்கு எங்கே தவறுகிறது?

தண்ணீருக்குள் ஓரிடத்தில் அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், ஆழத்தைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். அழுத்தத்தை அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் ஒவ்வொரு மீட்டர் கீழே போகும்போதும் 9.81 கிலோபாஸ்கல் கூடுகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் முதல் போர்வெல்லில் சென்சார் இறக்குபவர் வரை எல்லோரும் போடுவது இதே கணக்குதான். வகுத்தலில் தவறுபவர்கள் குறைவு. கையில் உள்ள எண் எதிலிருந்து அளந்தது என்று கேட்காமல் ஆரம்பித்துவிடுபவர்கள்தான் அதிகம்.

முதலில் காற்று. ஏரியின் அடியில் மொத்த அழுத்தம் 250 கிலோபாஸ்கல் என்று கேள்வியில் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே 9.81ஆல் வகுத்தால் 25.5 மீட்டர் வரும். ஆனால் அந்த 250இல் ஏறக்குறைய 101.3 தண்ணீருடையதே இல்லை, தண்ணீரின் மேல் நிற்கும் காற்றுடையது. அதைக் கழித்தால் மிச்சம் 148.7. சரியான ஆழம் 15.2 மீட்டர்.

இதை ஒரு தடவை கற்றுக்கொண்டவர்கள் எதிர்ப்பக்கம் சறுக்குவதும் உண்டு. குழாயில் மாட்டும் சாதாரண பிரஷர் கேஜ் வெறும் காற்றில் பூஜ்யம் காட்டும்படிதான் செய்யப்பட்டிருக்கும். அது 250 காட்டினால் காற்றின் பங்கு ஏற்கெனவே கழிந்துவிட்டது, ஆழம் 25.5 மீட்டரேதான். அங்கே மறுபடியும் 101.3ஐக் கழித்தால் பத்து மீட்டர் தண்ணீர் கணக்கில் காணாமல் போகும். கருவி எந்த வகை என்று தெரியாவிட்டால், தண்ணீரில் இறக்கும் முன் திறந்த வெளியில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் கழிக்க வேண்டாம். நூறு கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டினால் கழிக்க வேண்டும்.

இந்தப் பிழையின் அளவு ஆழத்தோடு மாறாது, எப்போதும் 10.3 மீட்டர்தான். மூன்று மீட்டர் தொட்டியில் 13 மீட்டர் தண்ணீர் என்று விடை வந்தால் யாருக்கும் உடனே உறைக்கும். 150 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 160 என்று வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் ஆழம் அதிகமாக உள்ள இடத்தில்தான் இதை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும்.

அப்புறம், 101.3 என்பது கடல்மட்டத்துச் சராசரி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல்தான். அங்கேயும் 101.3ஐக் கழித்தால் ஆழம் இரண்டரை மீட்டர்வரை குறைவாக வரும். ஒரே ஊரிலும் காற்றழுத்தம் நிலையாக இருப்பதில்லை. நம் பக்கத்து வெப்பமண்டலத்தில் தினமும் காலை 10 மணிவாக்கில் ஏறி, மாலை 4 மணிவாக்கில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். மொத்த அழுத்தத்தை அளக்கும் சென்சாரை ஏரியில் போட்டுவைத்தால், நீர்மட்டமே ஏறி இறங்குவதுபோலத் தோன்றும். இதைத் தவிர்க்கவே பல சென்சார்களின் கேபிளுக்குள் மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று மேலே வரை வருகிறது. தண்ணீர் புகக் கூடாது என்று அதன் நுனியை டேப் சுற்றி அடைத்துவிட்டால் அந்த ஏற்பாடே வீண்.

உயரத்துக்கும் 'எதிலிருந்து அளந்தது' என்ற இதே கேள்விதான். போர்வெல்லில் 80 மீட்டரில் சென்சார் தொங்குகிறது, கணக்கில் 25 மீட்டர் வருகிறது. அது சென்சாருக்கு மேலே நிற்கும் தண்ணீர். தரையிலிருந்து பார்த்தால் நீர்மட்டம் 55 மீட்டர் கீழே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு மோட்டாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தால் செலவு நம் தலையில்தான் விழும். குழாய் சாய்ந்து வந்தாலும் கணக்கில் வருவது நேர்செங்குத்து உயரம் மட்டுமே, குழாயின் நீளம் அல்ல.

தண்ணீர் நிறைய இருந்தால் அழுத்தமும் நிறைய இருக்கும் என்ற எண்ணம் லேசில் போவதில்லை. மேட்டூர் அணை 120 அடியில் நிரம்பும்போது அதில் 93.47 டிஎம்சி தண்ணீர் நிற்கிறது. மேற்பரப்பிலிருந்து 120 அடி, அதாவது 36.6 மீட்டர் கீழே தண்ணீரால் வரும் அழுத்தம் 359 கிலோபாஸ்கல். அதே உயரத்துக்கு விரல் தடிமனில் ஒரு குழாயை நிறுத்தி நிரப்பினாலும் அடியில் அதே 359தான். கணித அறிஞர் சைமன் ஸ்டீவின் 1586லேயே விளக்கிவிட்ட விஷயம் இது. பாத்திரத்தின் அகலத்தையோ கொள்ளளவையோ சூத்திரத்துக்குள் கொண்டுவர இடமே இல்லை.

சூத்திரம் ஓய்வில் உள்ள தண்ணீருக்கு மட்டுமே பொருந்தும். மோட்டார் ஓடும்போது கேஜ் காட்டுவதில் பம்பின் தள்ளலும் சேர்ந்திருக்கும். குழாய் திறந்திருந்தால் உராய்வில் கொஞ்சம் அழுத்தம் போய்விடும். வால்வை மூடி, முள் அசையாமல் நின்ற பிறகு படியுங்கள்.

அலகுகளிலும் கவனம் வேண்டும். கிலோபாஸ்கலை பாஸ்கலாக மாற்றாமல் 9,810ஆல் (அடர்த்தி 1,000 × 9.81) வகுத்தால் ஆழம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மெக்கானிக்குகள் 'ஒரு கிலோ பிரஷர்' என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது 10 மீட்டர் தண்ணீர். ஒரு பார் 10.2 மீட்டர். ஒரு பிஎஸ்ஐ சுமார் 70 சென்டிமீட்டர்.

கடலுக்கு வந்தால் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1,025 கிலோ. 1,000 என்றே போட்டால் 50 மீட்டர் ஆழம் 51¼ மீட்டர் ஆகிவிடும். மிக ஆழத்தில் இதுவும் போதாது, ஏனென்றால் தண்ணீர் தன் எடையாலேயே கொஞ்சம் நெருங்குகிறது. கடலியலில் அழுத்தத்தை டெசிபாரில் (ஒரு பாரில் பத்தில் ஒரு பங்கு), வளிமண்டலத்தை விலக்கிவிட்டே சொல்வார்கள். 10,000 டெசிபாரை 1,025 அடர்த்தி வைத்து வகுத்தால் 9,945 மீட்டர் வரும். 1983இல் யுனெஸ்கோ வெளியிட்ட சூத்திரம் 30 டிகிரி அட்சரேகையில் அதே அழுத்தத்துக்குத் தரும் ஆழம் 9,712.65 மீட்டர். முத்துக்குளிக்கும் ஆழத்துக்கோ மீன்பிடி ஆழத்துக்கோ இந்தத் திருத்தம் வேண்டாம், 1,025ஐப் போட்டு வகுத்தாலே சரியாக வரும்.