சம்பளக் கோப்பை வெளியாளுக்கு டீம்ஸில் அனுப்புவது எப்படி? புதிதாகப் பழகுபவர்களுக்கு

மலேசியாவில் பிப்ரவரி பிறந்தால் எச்.ஆர். பக்கம் இருப்பவர்களுக்கு இ.ஏ. பாரம், அதாவது ஊழியரின் ஆண்டுச் சம்பள விவரப் படிவம், தயாரிக்கும் வேலை தலைக்கு மேல் நிற்கும். மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு ஊழியர் கைக்கும் அது போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் சம்பளக் கணக்கைக் கணக்காளர் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பினாங்கில் பிறை என்ற ஊரில் ஒரு சின்ன லாரிக் கம்பெனி, கணக்குப் பார்ப்பவர் ஜார்ஜ்டவுனில் என்று வைத்துக்கொள்வோம். அனுப்ப வேண்டியது ஓர் எக்செல் கோப்பு. அதில் எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை) நம்பர், சம்பளம், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன.

பல இடங்களில் இதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். "வாட்ஸ்அப்பில்தான் மறையாக்கம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. வழியில் யாராலும் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கியவரின் கைப்பேசியில் ஒரு நகல், அவருடைய கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இன்னொரு நகல் என்று பெருகிவிடும். அவர் வேறு யாருக்கு அனுப்பினார் என்பதும் நமக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸிலிருந்து லிங்க்காக அனுப்பினால் கோப்பு நம்மிடமே இருக்கும், வேலை முடிந்ததும் லிங்க்கை நிறுத்திவிடலாம். ஆனால் லிங்க்கில் நான்கு வகை உண்டு. தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் வாட்ஸ்அப்பே தேவலாம் என்றாகிவிடும்.

முதல் படி: கோப்பு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்

டீம்ஸில் ஒரு சேனலில் (டீமுக்குள் இருக்கும் பொதுப் பேச்சுப் பகுதி) போட்ட கோப்பு அந்த டீமுக்கான ஷேர்பாயின்ட் தளத்தில், அதாவது கம்பெனிக் கோப்புகளை வைக்கும் மைக்ரோசாஃப்ட் தளத்தில், போய் உட்காரும். சாதாரண சேனல் என்றால் டீமில் உள்ள அத்தனை பேரும், விருந்தினராகச் சேர்த்தவர்கள் உட்பட, அதைத் திறக்கலாம். தனிப்பட்ட சாட்டில் போட்ட கோப்போ, போட்டவருடைய ஒன்ட்ரைவில் (அவருக்கான தனி இணையச் சேமிப்பிடம்) "மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சாட் ஃபைல்ஸ்" என்ற ஃபோல்டருக்குப் போகும். சாட்டில் அந்த மெசேஜை அழித்தாலும் கோப்பு ஒன்ட்ரைவில் அப்படியேதான் இருக்கும். இது பலருக்குத் தெரியாது.

சம்பளக் கோப்புக்கு ஏற்ற இடம் பிரைவேட் சேனல். அதற்குத் தனி ஷேர்பாயின்ட் தளம் உண்டு, அதில் சேர்த்தவர்கள் மட்டுமே பார்க்க முடியும். ஒருவருடைய ஒன்ட்ரைவில் வைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போய், கணக்கையும் நீக்கிவிட்டால், நிர்வாகி வேறு ஏற்பாடு செய்யாதவரை 30 நாளில் அந்த ஒன்ட்ரைவும் அழிப்புக்குப் போய்விடும்.

கணக்காளரையே டீமில் விருந்தினராகச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு கோப்புக்காக லாரி டிரைவர்களின் லீவு விண்ணப்பம் வரை அவருக்குத் திறந்துவிட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: லிங்க்கின் வகையை மாற்றுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். சேனலில் "ஃபைல்ஸ்" அல்லது "ஷேர்ட்" என்ற தாவலைத் திறந்து, கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, "ஷேர்" கொடுங்கள். வருகிற பெட்டியில் உடனே "காப்பி லிங்க்" தட்டாதீர்கள். முதலில் செட்டிங்ஸுக்குள் போங்கள்.

"எனிஒன்" என்பது பூந்தொட்டிக்குக் கீழே வைத்த வீட்டுச் சாவி மாதிரி. இடம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் திறக்கலாம், யார் திறந்தார் என்பதும் பதிவாகாது. விளம்பரத் துண்டறிக்கைக்குச் சரி, சம்பளத்துக்குக் கூடாது. உங்கள் நிர்வாகி இதை முன்பே மூடி வைத்திருந்தால் நல்லது. "பீப்பிள் இன் யுவர் ஆர்கனைசேஷன்" என்றால் லிங்க் கையில் இருக்கும் கம்பெனிக்காரர் எல்லாரும் பார்க்கலாம். "பீப்பிள் வித் எக்ஸிஸ்டிங் அக்சஸ்" யாருக்கும் புதிதாக அனுமதி தராது. ஏற்கெனவே அனுமதி உள்ளவருக்கு வழிகாட்ட மட்டும் உதவும்.

நமக்குத் தேவை "ஸ்பெசிஃபிக் பீப்பிள்". புதிய பதிப்புகளில் இதற்கு "பீப்பிள் யூ சூஸ்" என்ற பெயரும் உண்டு. அதைத் தேர்ந்து கணக்காளரின் அலுவலக மின்னஞ்சலை எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள். லிங்க் வேறொருவர் கைக்குப் போனாலும் அவருக்குத் திறக்காது.

அதே பெட்டியில் "கேன் எடிட்" என்று இருந்தால் "கேன் வியூ" ஆக்குங்கள். திரையில் பார்த்தாலே போதும் என்றால் "பிளாக் டவுன்லோட்" போடலாம். கைப்பேசியால் திரையைப் படம் பிடிப்பதை அது தடுக்காது, அதனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். முடிவுத் தேதி வைக்க இடம் காட்டினால் ஒரு வாரம் வையுங்கள்.

மூன்றாம் படி: போன் வரும், தயாராக இருங்கள்

"தங்கச்சி, லிங்க் தொறக்க மாட்டேங்குது லா, சும்மா வாட்ஸ்அப்ல போட்டு விடு."

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் இப்படி ஒரு அழைப்பு வரத்தான் செய்யும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கணக்காளருடைய பிரௌசரில் அவருடைய சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு திறந்திருக்கும், நாம் அனுமதி கொடுத்ததோ அலுவலக மின்னஞ்சலுக்கு. "அண்ணே, பிரைவேட் விண்டோ ஒண்ணு தொறந்து, அதுல லிங்க்க ஒட்டி, ஆபீஸ் ஈமெயில் போடுங்க" என்று சொன்னால் போதும். அவருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கே இல்லாவிட்டால் அந்த மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வரும். அதைப் போட்டு உள்ளே வரலாம். இந்த இடத்தில் பொறுமை இழந்து "எனிஒன்" ஆக்கிவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

கடவுச்சொல் பற்றி

டவுன்லோட் செய்தே ஆக வேண்டும் என்றால் எக்செல்லில் "ஃபைல்", "இன்ஃபோ", "புரொடெக்ட் வொர்க்புக்", "என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்" என்று போய்ப் பூட்டுங்கள். "புரொடெக்ட் ஷீட்" என்பது வேறு. அது கட்டங்களைத் தவறுதலாக மாற்றாமல் காக்குமே தவிர, கோப்பை மறையாக்கம் செய்யாது. கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.

ஐசி நம்பரைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு, சம்பளச் சீட்டுக்குக்கூட. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐசியில் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அது ஃபேஸ்புக்கிலேயே இருக்கும். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் 07. மிச்சம் நான்கே இலக்கம், அதாவது 10,000 வாய்ப்பு. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால் அதுவும் 5,000 ஆகிவிடும். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. கோப்பின் பெயரிலும் ஐசி நம்பர் போடாதீர்கள். பெயரைப் பார்க்கக் கோப்பைத் திறக்கவே வேண்டாம்.

கூகுள் டிரைவ், ஸ்லாக்

கூகுள் டிரைவில் "ரெஸ்ட்ரிக்டட்" என்பதை அப்படியே விட்டுவிட்டு, மின்னஞ்சல் போட்டு "வியூவர்" கொடுங்கள். ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் பிறகு அதற்குள் போடுகிற கோப்புகளும் சேர்ந்தே போகும், அதை மறந்துவிடக் கூடாது. ஸ்லாக்கில் "கிரியேட் எக்ஸ்டர்னல் லிங்க்" தட்டாதீர்கள், அதுவும் எனிஒன் வகைதான்.

கடைசிப் படி: வேலை முடிந்ததும் நிறுத்துங்கள்

கணக்காளர் "முடிஞ்சிடுச்சு" என்றதும் மூன்று புள்ளி, "மேனேஜ் அக்சஸ்". யாருக்கு என்ன அனுமதி, எந்த லிங்க் உயிரோடு இருக்கிறது என்று அங்கே தெரியும். அவருக்குக் கொடுத்த லிங்க்கை நீக்கிவிடுங்கள்.

லிங்க் தவறான ஆளுக்குப் போய்விட்டது என்று தெரிந்தாலும் முதலில் வர வேண்டியது இதே இடத்துக்குத்தான். மன்னிப்புக் கேட்டு மெசேஜ் எழுதுவதெல்லாம் அப்புறம். லிங்க்கை நீக்கி, எப்போது அனுப்பியது, எப்போது நீக்கியது, அதில் யார் யார் விவரம் இருந்தது என்று குறித்துக்கொண்டு, அன்றைக்கே முதலாளியிடம் சொல்லுங்கள். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல் கணிசமான பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 2,50,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தக் கசிவு அந்த அளவுக்கு வருமா என்பதை முதலாளியும் வக்கீலும் பார்த்துக்கொள்ளட்டும். அவர்கள் முதலில் கேட்கப்போவது நீங்கள் குறித்து வைத்த அந்த நேரங்களைத்தான்.