தடையற்ற சிப்பாய்: இன்ஜின் காட்டும் முதல் எண்ணை நம்பாதீங்க

செஸ் இன்ஜினில் (நகர்வுகளை ஆராயும் கணினி நிரல்) ஒரு புதிரை வைத்ததும், யார் கை ஓங்கியிருக்கு என்று காட்டும் முதல் எண்ணைப் பார்த்துட்டு மூடிடாதீங்க. எதிரிச் சிப்பாய் மறிக்க முடியாத தடையற்ற சிப்பாய் இருந்தால் இது ரொம்ப முக்கியம். அது எத்தனையாவது வரிசையில் நிற்கிறது, முன்கட்டம் காலியா, ராஜாக்கள் எவ்வளவு அருகில் என்பதை வைத்துத்தான் பழைய இன்ஜின்கள் மதிப்புப் போட்டன. 2020-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 என்ற இன்ஜின் முதல், ஆட்டங்களிலிருந்து கற்று மதிப்பிடும் நியூரல் நெட்வொர்க்கும் சேர்ந்தது. ஆனாலும் சிப்பாய் ராணியாகும் கட்டம் தேடல் ஆழத்துக்கு (இன்ஜின் எத்தனை நகர்வு முன்னோக்கிப் பார்க்கிறது என்பது) அப்பால் இருந்தால் எண் ஏமாற்றும்.

செஸ் வீரர் ரிச்சர்ட் ரெட்டியின் 1921 புதிரை வைத்துப் பாருங்க: வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6; கருப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆட்டம். கருப்புச் சிப்பாயைப் பிடிக்கவே முடியாது போலத் தெரியும். ஆனால் வெள்ளை ராஜா ஜி7, பிறகு எஃப்6 என்று மூலைவிட்டத்தில் நடந்தால் ஒரே நடையில் இரண்டு சிப்பாய்களையும் நெருங்குகிறது, ஆட்டம் டிரா! எவ்வளவு அழகு!

நான் செய்வது இதுதான்: இன்ஜினிடம் மூன்று சிறந்த நகர்வுத் தொடர்களைக் காட்டச் சொல்லி, ஆழம் கூடக்கூட எண் எங்கே தாவுகிறது என்று கவனிப்பேன். தாவாவிட்டால், சந்தேகப்படும் நகர்வை நானே ஆடி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பி வருவேன். கண்டுபிடித்தது இன்ஜினின் நினைவகத்தில் இருப்பதால், திரும்பியதும் பெரும்பாலும் எண் சரியாகிவிடும்.