தாமிரபரணிக் கரையில் குடியிருப்பவர்களுக்கு: உங்கள் தெருவுக்கான வெள்ள அளவுகோலை நீங்களே அமைக்கலாம்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அணையில எவ்வளவு தொறந்திருக்காங்க?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்மை மூழ்கடித்தது அணைத் தண்ணீர் மட்டுமல்ல. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, அந்த ஊருக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதை விட அதிகம். அணைகளுக்குக் கீழே பெய்த மழையும், உடைந்த குளங்களின் தண்ணீரும் ஆற்றோடு சேர்ந்தன. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் கரண்டும் செல்போன் சிக்னலும் போன பிறகு, யாரிடமும் எதையும் கேட்க முடியவில்லை.

அதனால் செய்தி வராத இரவிலும் பயன்படும்படி, தெருவுக்கென்று ஓர் அளவுகோல் வேண்டும். பெயின்ட், தெளிவான பிளாஸ்டிக் குழாய், டேப், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

1. அளவுகோலுக்கு இடம் பாருங்கள்

உங்கள் தெருவுக்கு நேர் எதிரே உள்ள படித்துறைச் சுவரோ பாலத் தூணோ நல்லது. ஒரு கிலோமீட்டர் தள்ளி எழுதினால் கணக்கு தப்பும். ஆற்றின் நீர்மட்டம் மேலிருந்து கீழாகச் சரிந்துகொண்டே போகும். அணைக்கட்டுக்கு அடியில் வேண்டாம், அங்கே தண்ணீர் கொந்தளிக்கும். பஞ்சாயத்திலும் நீர்வளத்துறை அலுவலகத்திலும் சொல்லிவிட்டு, தண்ணீர் வற்றிய கோடையில் வேலையைத் தொடங்குங்கள்.

வெள்ளைப் பட்டை அடித்து, அதன் அடியில் பூஜ்யக் கோடு போடுங்கள். அதற்கு மேல் 10 செ.மீ.க்கு ஒரு கறுப்புக் கோடு, 50 செ.மீ.க்கு ஒரு பெரிய எண். கரையில் பாதுகாப்பாக நின்று டார்ச் அடித்தால் வாசிக்க முடிய வேண்டும். தண்ணீருக்குள் இறங்கித்தான் பார்க்க முடியும் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

2. தெருவின் உயரத்தை அளவுகோலுக்குக் கொண்டு வாருங்கள்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். இது இல்லாவிட்டால் சுவரில் உள்ள எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே குழாய் முறைதான். 15 மீட்டர் குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு காற்றுக் குமிழி கூட இல்லாமல் பாருங்கள். ஒருவர் ஆற்றுப் பக்கமும் ஒருவர் தெருப் பக்கமும் குழாயின் முனையைப் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். தரையிலிருந்து அந்த மட்டம் வரை இருவரும் அளக்க வேண்டும். முதல் முறை மட்டும் ஆற்றுப் பக்கத்தவர் தரைக்குப் பதில் அளவுகோலின் பூஜ்யக் கோட்டிலிருந்து அளக்கட்டும். ஆற்றுப் பக்கம் 110 செ.மீ., தெருப் பக்கம் 30 செ.மீ. என்றால், தெருப் பக்கத் தரை 80 செ.மீ. உயரம். இப்போது ஆற்றுப் பக்கத்தவர் தெருப் பக்கத்தவர் நின்ற இடத்துக்கு வர, அவர் குழாய் எட்டும் தூரம் முன்னே போகட்டும். இடையில் கரை ஏறி இறங்கினால், இறக்கத்தைக் கழிக்க வேண்டும். தெருவின் மிகப் பள்ளமான இடம் வரை போய்க் கூட்டுங்கள். பிறகு அங்கிருந்து திரும்பவும் ஆறு வரை அளந்து வாருங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால் கணக்கு சரி.

பூஜ்யக் கோட்டிலிருந்து தெருப் பள்ளம் 420 செ.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 420-ல் சிவப்புக் கோடு. அதற்கு ஒன்றரை மீட்டர் கீழே, 270-ல் மஞ்சள் கோடு.

3. வீட்டிலேயே மழையை அளங்கள்

வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள நேரான பாத்திரத்தை, மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் வையுங்கள். அகலம் எவ்வளவு என்பது முக்கியமில்லை. உள்ளே நிற்கும் உயரம்தான் மழை அளவு. வானிலைத் துறையைப் போலவே காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 7 செ.மீ. தொட்டால் கனமழை, 12 மிகக் கனமழை, 21 அதி கனமழை. மழை வலுத்தால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். பாத்திரம் நிரம்பும் முன் குறித்துவிட்டுக் கொட்டுங்கள்.

4. மேலே என்ன நடக்கிறது?

பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118: இவை இந்த அணைகளின் முழுக் கொள்ளளவு மட்டங்கள். அணை நிரம்பும் தறுவாயில் இருந்தால், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. அணைத் திறப்பில் ஒரு கன அடி என்று சொல்வது நொடிக்கு ஒரு கன அடி, அதாவது நொடிக்குச் சுமார் 28 லிட்டர்.

அணைகளைத் தாண்டியும் தண்ணீர் சேர்கிறது. கடனாநதி, பச்சையாறு, சீவலப்பேரியில் சிற்றாறு. அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் மழை நாளில் ஒரு போன் போடுங்கள். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் எவ்வளவு சூழ்ந்திருக்கிறது என்று கேட்டாலும் விவரம் தெரிந்துவிடும். அங்கே ஏறிய நேரத்தையும் உங்கள் அளவுகோலில் ஏறிய நேரத்தையும் ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். இரண்டு பருவத்தில் உங்கள் ஊருக்கான இடைவெளி பிடிபடும்.

5. முதுகுப் பக்கத்தையும் பாருங்கள்

மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் ஆகிய கால்வாய்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள தெருக்களில் தண்ணீர் பின்னாலிருந்தும் வரும். உங்கள் ஊருக்கு மேலுள்ள குளம் மறுகால் பாய்கிறதா, கரையில் கசிவு இருக்கிறதா என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிடுங்கள். கசிவு கண்டால் உடனே 1077-க்குச் சொல்லுங்கள். அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை.

6. வேகத்தைக் கணக்கிடுங்கள், முடிவெடுங்கள்

நோட்டில் மூன்று கட்டம்: நேரம், ஆற்று மட்டம், மழை. மாலை 6 மணிக்கு 240, ஏழுக்கு 265, எட்டுக்கு 300. முதல் மணியில் 25 செ.மீ., அடுத்ததில் 35. சிவப்புக் கோட்டுக்கு இன்னும் 120. இதே வேகம் என்றால் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. ஆனால் வேகம் கூடிக்கொண்டே போவதால் அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். இந்த உதாரணத்தில் மஞ்சள் கோடு ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது.

என் கருத்தில் தெரு கூடி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டிய விதி இதுதான்: மஞ்சளைத் தொட்டதும் முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், படுக்கையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும், ஆடு மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால், மஞ்சள் தொடாவிட்டாலும் இதே விதி. மற்றவர்கள் சிவப்புக்கு 50 செ.மீ. இருக்கும்போதே கிளம்ப வேண்டும். ஆள் மாற்றி இருவர் இருவராகக் காவல் இருங்கள். சிக்னல் இல்லாதபோது கோயில் மணியோ பள்ளிவாசல், சர்ச் ஒலிபெருக்கியோ எதை அடையாளமாகக் கொள்வது என்பதையும், ஒலிபெருக்கிக்கு பேட்டரி யார் பொறுப்பு என்பதையும் புரட்டாசியிலேயே பேசி முடித்துவிடுங்கள்.