டிஎச்சிபி இரட்டையர்: கூட்டாளி செத்ததாக அறிவிக்கும் முன்

டிஎச்சிபி என்பது நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை. ஜோடியாக ஓடும் இரண்டு டிஎச்சிபி சர்வர்களில் ஒன்று செத்ததாக, பார்க்காமலே அறிவிக்கப் பார்த்தான் போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். அதை நான் பல வருடம் முன்பே செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால்தான் இது. சர்வரை ஆன் செய்ய மறப்பது, கேபிள் பிடுங்கிப் போவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

பாதி பாதி என்றால் பாரம் பாதி அல்ல

விண்டோஸ் சர்வர் 2012-இல் இருந்து இரண்டு டிஎச்சிபி சர்வர்களை ஜோடியாக ஓட்டலாம். லோட் பேலன்ஸ் முறையில் (இரண்டும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் முறை) இயல்பான பங்கு 50:50. ஆனால் எந்த சர்வருக்கு வேலை அதிகம் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. கிளையன்ட்டின், அதாவது முகவரி கேட்கும் கருவியின் அடையாளத்தை (பெரும்பாலும் மேக் முகவரி, நெட்வொர்க் கார்டின் எண்) ஹாஷ் செய்து, அதாவது ஒரு கணக்கில் போட்டு எண்ணாக்கி, 256 வாளிகளில் ஒன்றில் போடுவார்கள், வாளிகளைத்தான் பங்கு போடுவார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினால் பதறாதீர்கள்.

அந்தப் பட்டன்

எனக்கு இன்னும் எரிச்சல் தரும் தவறு இதுதான். ஒரு கல்லூரி விடுதி நெட்வொர்க். யாரோ ஃபயர்வால் விதியை மாற்றியதில், இரண்டு சர்வர்களும் பேசிக்கொள்ளும் டிசிபி 647 போர்ட் அடைபட்டது. திரையில் தொடர்பு துண்டிப்பு என்று வந்தது. எதிர் சர்வர் செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, 'பார்ட்னர் டவுன்' பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

உடனே ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இதில் கொடுமை. எம்சிஎல்டி என்ற கால அளவு (விண்டோஸில் இயல்பாக 1 மணி நேரம்) முடியும்வரை நம் சர்வர் கூட்டாளியின் காலி முகவரிகளைத் தொடாது. முடிந்ததும் மொத்தத்தையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும். கூட்டாளியோ உயிரோடுதான் இருந்தது, அதே முகவரிகளை அதுவும் கொடுத்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் லீஸ் (குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்த முகவரி) பட்டியலில் வரிசையாக பேட் அட்ரஸ், அதாவது மோதலில் சிக்கிய முகவரிகள். விடுதியில் பாதிப் பேருக்கு ஐபி மோதல், மீதிப் பேருக்கு என் மேல் கோபம்.

இத்தனைக்கும் நான் அவசரப்படத் தேவையே இருக்கவில்லை. தொடர்பு அறுந்த நிலையிலும் இரண்டும் தத்தம் பங்கிலிருந்து கொடுக்கும், பழைய லீஸ்களைப் புதுப்பிக்கும். சரி, அப்புறம் என்ன செய்வது? எதிர் சர்வரின் கன்சோலில் நுழைந்து பாருங்கள், அல்லது ரேக் அருகே போய் விளக்கைப் பாருங்கள். பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) போகவில்லை என்பது சாவுச் சான்றிதழ் ஆகாது. சர்வர் நிஜமாகவே நின்றிருந்தால், அல்லது நீங்களே நிறுத்தியிருந்தால் மட்டும் அந்தப் பட்டன். தானாகவே பார்ட்னர் டவுனுக்கு மாறும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். அதை ஆன் செய்தால் என் முட்டாள்தனத்தை மெஷினே 60 நிமிடத்தில் செய்துவிடும்.

ஒட்டப் பிடித்த ஸ்கோப்

அந்தப் பட்டனைத் தொடாமல் காத்திருக்கக் கையிருப்பு வேண்டும். ஸ்கோப்பில் (சர்வர் கொடுக்கும் முகவரிகளின் தொகுப்பு) உள்ள 200 முகவரியில் 160 ஓடுகிறது என்றால் மிச்சம் 40, சர்வருக்கு ஏறக்குறைய 20. காலை எட்டு மணிக் கூட்டத்துக்கு அது போதுமா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபைக்கு எட்டு நாள் லீஸ் வைத்துவிட்டு முகவரி போதவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

ரிசர்வேஷன்

லீஸ்கள் தாமாகவே எதிர்ப்பக்கம் போகும். ரிசர்வேஷனும் (ஒரு கருவிக்கென்று ஒதுக்கிய முகவரி) ஸ்கோப் ஆப்ஷனும் (முகவரியோடு சேர்த்துக் கொடுக்கும் அமைப்புகள்) போகாது. மாற்றியதும் ரெப்ளிகேட் (எதிர் சர்வருக்கு நகலெடுப்பது) கொடுங்கள், சரியான பக்கத்திலிருந்து, அதாவது நீங்கள் மாற்றிய சர்வரிலிருந்து. தவறான பக்கத்திலிருந்து கொடுத்தால் இப்போது மாற்றியதெல்லாம் அழியும்.

ரிலே

ரிலே என்பது வேறு விலானில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) இருந்து வரும் கோரிக்கையை சர்வருக்குக் கடத்துவது. அதில் இரண்டு சர்வர் முகவரியும் வேண்டும், ஒவ்வொரு விலானிலும்.

கடிகாரம்

இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒரு நிமிடத்துக்கு மேல் விலகினால் விண்டோஸில் ஜோடியே அமையாது.