டோரஸ் கிட்டாரில் எல்லாரும் சறுக்குகிற இடங்கள்

பழைய ஸ்பானிஷ் கிட்டார் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தை. பிரேசில் ரோஸ்வுட்டா? கருஞ்சிவப்பில் ரேகை ஓடுகிறதா? ஓடினால் போதும், நாதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி தலையாட்டுவார்கள்.

இதற்கு அந்தோனியோ டி டோரஸ் 1862இலேயே பதில் சொல்லிவிட்டார். தச்சு வேலையிலிருந்து கிட்டாருக்கு வந்தவர் அவர். ஸ்பெயினின் செவில்லா நகரில் கிட்டார் பட்டறை வைத்திருந்தார். பின்பக்கத்தையும் பக்கங்களையும் அட்டையில் செய்து, மேலே மட்டும் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரப் பலகை போட்டு ஒரு கிட்டார் கட்டினார். பாடுவது மேற்பலகைதான் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார் என்பார்கள். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அந்தக் கிட்டார் இருக்கிறது. பின்பக்க மரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது பக்கவாத்தியம்தான், கச்சேரி மேற்பலகையுடையது.

அந்தப் பலகை நடுவில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக இன்னும் மெலியும். அடியில் விசிறி மாதிரி விரித்து ஒட்டிய ஏழு மெல்லிய பட்டைகள். விசிறிப் பட்டையைக் கண்டுபிடித்தவரே டோரஸ்தான் என்று எழுதுவது இன்னொரு தவறு. ஸ்பெயினின் காதிஸ் நகரிலும் செவில்லாவிலும் அவருக்கு முன்பே அப்படி ஒட்டினார்கள். அதைப் பெரிய உடம்புக்கும் மெல்லிய பலகைக்கும் பொருந்த ஒழுங்குபடுத்தியதுதான் அவர் கைவேலை.

நகல் செய்கிறவர்கள் விழுகிற குழி இதற்கு அடுத்தது. வரைபடம் கிடைக்கிறது, பலகையின் கனம் இடத்துக்கு இடம் குறித்திருக்கிறது, அப்படியே இழைத்துவிடுகிறார்கள். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகூட ஒரே விறைப்பில் இருக்காதே! ஒன்று தளதளவென்று வளையும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். ரகசியம் என்ன என்று ஒரு பாதிரியார் டோரஸிடமே கேட்டாராம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பலகையைப் பிடித்தால் தெரிவதுதான் ரகசியம், அதை எழுதிவைத்துவிட்டுப் போக முடியாது, என்னோடு கல்லறைக்குத்தான் வரும் என்றாராம்.

கையில் உண்மையான பழைய கிட்டார் இருப்பவர்கள் செய்கிற பெரும் தவறு, அதைப் பளபளப்பாக்குவது. மேலே இருப்பது பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணி உருண்டையால் படலம் படலமாகத் தேய்த்தது. பழைய தேக்கு மேஜைக்கு நம் தச்சர்கள் போடுகிற அதே சமாசாரம். ஸ்பிரிட்டில் கரைந்தது ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும். சானிட்டைசர் தேய்த்த ஈரம் காய்வதற்குள் கிட்டாரைத் தொட்டால் விரல் பட்ட இடம் மங்கிப்போகும். உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிட்டு லாக்கர் என்கிற நவீனப் பூச்சு அடிப்பது அதைவிட மோசம். பாலிஷோடு சேர்ந்து மரமும் போகும். இரண்டரை மில்லிமீட்டரில் எவ்வளவைத்தான் இழக்க முடியும்?

கம்பி விஷயம். டோரஸ் 1892இல் இறந்தார்; நைலான் கம்பி கிட்டாருக்கு வந்தது 1940களில். அவர் கட்டியதெல்லாம் ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்புக்கும், பட்டு நூலின் மேல் உலோகம் சுற்றிய மந்தரக் கம்பிக்கும். இன்றைய நைலான் செட் ஆறு கம்பியுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ கனத்துக்கு இழுக்கிறது. அதிலும் இழுப்பு கூடிய 'ஹை டென்ஷன்' வாங்கிப் போட்டால், பலகையில் கம்பிகளைக் கட்டுகிற பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மெல்ல மெல்ல உப்பிவரும். பழைய கிட்டாருக்கு 'லோ டென்ஷன்' போதும். ஸ்டீல் கம்பி? பேச்சே வேண்டாம், இழுப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அப்புறம், சத்தத்தை வைத்து மார்க் போடுவது. நானும் முதலில் டோரஸ் ஒலிப்பதிவைப் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தவன்தான். பெரிய அரங்கைக் குறிவைத்துக் கட்டுகிற இன்றைய கிட்டார்கள் இதைவிட உரக்கப் பேசும். டோரஸில் கேட்க வேண்டியது வேறு. நல்ல ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, மெல்ல மீட்டிய ஒரே ஒரு சுரம் அடங்குகிற வரை காத்திருங்கள். மந்தரத்தில் ஒரு கனம் நிற்கும், உச்ச சுரக் கம்பிகள் கண்ணாடி மாதிரி கிணுங்காமல் உருண்டையாக இறங்கும். யார் வாசிக்கிறார்கள், நகத்திலா விரல் சதையிலா என்பதையும் பாருங்கள். 1864ஆம் ஆண்டு டோரஸ் ஒன்றைப் பல வருஷம் வைத்திருந்த ஸ்பானிஷ் கிட்டார் கலைஞர் தார்ரேகா, கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டுச் சதையால்தான் வாசித்தார். அந்த வித்தியாசத்தையும் மரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

வாங்கப் போகிறவர்கள் உள்ளே ஒட்டிய லேபிளை மட்டும் நம்புவதும் உண்டு. டோரஸ் இடையில் சொந்த ஊர்ப்பக்கமான அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை வைத்தார். மறுபடி கிட்டார் செய்யத் தொடங்கியது 1875 வாக்கில். அதன் பிறகு வந்த லேபிள்களில் அல்மேரியா முகவரியும் 'இரண்டாம் காலம்' என்ற குறிப்பும் இருக்கும். 1880களின் ஆண்டும் செவில்லா முகவரியும் ஒரே லேபிளில் தெரிந்தால் பணப்பையை உள்ளே வைத்துவிட்டு, துளைக்குள் ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் விட்டுப் பட்டைகளைப் பாருங்கள். காகிதம் ஒட்டுவது சுலபம்.